அவளறி கிளவி: மாயக் கதைகளில் உவமை ஆளைக் காட்டிக்கொடுக்கும் விதம்

பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி முதன்முதலாகத் தலைநகரத்தின் கோட்டை மதிலைப் பார்க்கிறாள். "மலை போல உயர்ந்து நின்றது மதில்" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். இலக்கணப் பிழை எதுவும் கிடையாது. ஆனால் அந்த வரியைச் சொல்வது யார்? மலையடிவாரத்தில் பிறந்தவளா, மலையையே பார்க்காதவளா?

அதே மதிலைப் பார்த்து, "எங்கள் ஊர் உப்பு அம்பாரம் இருபதை ஒன்றின் மேல் ஒன்றாகக் குவித்தாலும் இந்த உயரம் வராது" என்று அவள் நினைக்கட்டும். மதில் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும். அவள் பளிச்சென்று தெரிவாள். உப்பளத்துப் பெண், உயரம் என்றால் அவளுக்கு அம்பாரம்தான். எதையும் எண்ணிக் கணக்குப் பார்த்துப் பழகியவள். ஊரை விட்டு வந்து அதிக நாள் ஆகவில்லை. ஒரு பக்கம் அறிமுகம் எழுதினாலும் இதற்கு மேல் என்ன சொல்லிவிட முடியும்?

இளையோருக்கான மிகுபுனைவில், அதாவது நாம் ஃபேன்டஸி என்று சொல்லும் கதைகளில், உவமையின் முதல் வேலை இதுதான். சொல்லப்படும் பொருளைவிடச் சொல்கிற ஆளை அது அதிகமாகக் காட்ட வேண்டும். பதின்வயதுப் பாத்திரத்துக்குத் தன்னைப் பற்றித் தெளிவாகச் சொல்லத் தெரியாது. நான் பொறாமைப்படுகிறேன், எனக்கு ஊர் நினைவு வந்துவிட்டது என்று அது வாய்விட்டுச் சொன்னால் பொய்யாகத் தோன்றும். எதை எதோடு ஒப்பிடுகிறது என்பதில்தான் அதன் மனம் கசியும்.

தமிழில் இந்தச் சிந்தனை மிகப் பழையது. தொல்காப்பியத்தின் உவமவியல், நேரே சொல்லாமல் குறிப்பால் உணர்த்தும் உவமையை யார் எந்த எல்லைக்குள் நின்று சொல்லலாம் என்று வரையறுக்கிறது. தலைவி சொன்னால் அது அவள் அறிந்த பொருளாக இருக்க வேண்டும்: "கிழவி சொல்லின் அவளறி கிளவி" (கிழவி என்றால் இங்கே தலைவி, கிளவி என்றால் சொல்). தோழி சொன்னால் தான் வாழும் நிலத்தைத் தாண்டிப் போகக்கூடாது. தலைவன் சொன்னால் அவனுடைய அறிவின் திண்மை அதில் தெரிய வேண்டும். மற்றவர்களுக்கு இட வரையறை இல்லை. ஒவ்வொரு வாய்க்கும் ஓர் அறிவெல்லை உண்டு, உவமை அதற்குள்தான் பிறக்க வேண்டும் என்ற இந்த விதி அகப்பாட்டுக்காக எழுதப்பட்டது. மாயக் கதை எழுதுகிறவர் மேசைக்கு எதிரே ஒட்டிவைத்துக்கொள்ள இதைவிடப் பொருத்தமான வரி கிடைக்காது.

இந்த விதி எப்படி வேலை செய்கிறது என்பதைக் குறுந்தொகையின் எட்டாம் பாட்டில் பார்க்கலாம். ஆலங்குடி வங்கனார் பாடியது. பேசுகிறவள் தலைவனின் காதற்பரத்தை, அதாவது மனைவியல்லாத காதலி. எங்கள் வீட்டில் பெரிய பேச்சுப் பேசியவன், தன் வீட்டுக்குப் போனதும் மகனின் தாய்க்கு அவள் விரும்பியதையெல்லாம் செய்கிறான், முன்னால் நிற்பவர் கையும் காலும் தூக்கினால் தானும் தூக்குகிற கண்ணாடிப் பாவை போல என்கிறாள். இவன் சொந்தமாக அசையாதவன் என்ற இளக்காரம் ஒரு பக்கம். கண்ணாடி முன் நெடுநேரம் நின்று பழகியவள் அவள் என்பது இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது, உரைகாரர் சொன்னதல்ல, என் வாசிப்பு. வயலோரத்து மாமரத்திலிருந்து தானாக விழும் பழத்தை வாளைமீன் கவ்வும் ஊர்க்காரன் என்று பாட்டின் தொடக்கத்தில் அவனைக் குறிக்கிறாள். உழைக்காமல் வாய்க்குள் விழுந்த பழம் யார், கவ்விய மீன் யார் என்பதை அவள் விளக்குவதில்லை. கோபம், பெருமிதம், ஏளனம் என்ற சொற்களே பாட்டில் கிடையாது. இரண்டு ஒப்புமைகள் அத்தனையையும் சுமக்கின்றன.

அதே உவமவியல் உவமை பிறக்கும் இடங்களை நான்காகப் பிரிக்கிறது: வினை, பயன், மெய், உரு. செயல், அதனால் விளையும் பயன், வடிவம், நிறம் என்று இன்றைய தமிழில் வைத்துக்கொள்ளலாம். பள்ளியில் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோன இந்த நான்கும் பாத்திரப் படைப்புக்கு உண்மையான கருவிகள். குகைக்குள் ஒரு டிராகன் தூங்குகிறது. நால்வர் எட்டிப் பார்க்கிறார்கள். "பாசி பிடிச்ச படித்துறை நிறம்" என்கிறாள் ஒருத்தி. "கவிழ்த்துப் போட்ட தோணி மாதிரி கிடக்கு" என்கிறான் மீனவர் மகன். கொல்லர் பட்டறையில் வேலை பார்த்தவனுக்கு மூச்சுதான் முதலில் படுகிறது: "எங்க துருத்தி இப்படித்தான் இழுத்து விடும்." நான்காமவன், "இது ஒண்ணு இருந்தா நாலு ஊருக்குக் காவல் வேண்டாம்" என்கிறான். முதலாமவள் கண்ணால் வாழ்கிறவள். இரண்டாமவன் பொருளின் அளவையும் கிடப்பையும் பார்க்கிறவன். மூன்றாமவனுக்கு இயக்கம் புரிகிறது. நான்காமவனிடம் கவனமாக இருக்க வேண்டும். உயிருள்ள ஒன்றைப் பார்த்ததும் அதன் பயனைக் கணக்கிடுகிறவன் நல்லவனாகவும் இருக்கலாம், பின்னால் துரோகியாகவும் ஆகலாம். அவன் நான்கு அத்தியாயம் தொடர்ந்து பயன் உவமையாகவே பேசினால் வாசகருக்கு உள்ளூர ஓர் எச்சரிக்கை வந்துவிடும். ஆசிரியர் விரலை நீட்டிக் காட்டத் தேவையில்லை.

மாயக் கதைக்கு மட்டும் உரிய ஒரு வசதி உண்டு. மற்ற கதைகளில் உருவகமாக நின்றுவிடும் ஒன்று இங்கே நிசமாகவே நடக்கலாம். டயானா வின் ஜோன்ஸின் 'ஹௌல்ஸ் மூவிங் காசில்' (1986) இதற்கு நல்ல பாடம். மந்திரவாதி ஹௌல் இளம்பெண்களின் இதயத்தைத் தின்பான் என்று ஊரில் பேச்சு. அவன் பெண்களின் மனதைக் கவர்ந்துவிட்டுக் கைவிடுகிறவன் என்பது சீக்கிரம் தெரிகிறது, வதந்தி வெறும் உருவகம்தான் என்று நிம்மதி அடைகிறோம். பிறகுதான் அவனுடைய சொந்த இதயமே அவனிடம் இல்லை, ஒப்பந்தத்தில் நெருப்பு அசுரன் கால்சிஃபரிடம் போய்விட்டது என்பது வருகிறது. இதயமில்லாதவன் என்ற வசை வார்த்தை பிசகாமல் உண்மையாகிறது. தலைச்சாயம் தவறிப்போனால் அவன் உடலெங்கும் பச்சைக் கூழ் வழிய உட்கார்ந்துவிடுகிறான். அடம், தன்னிரக்கம், பகட்டு மூன்றையும் ஒரே கூழ் காட்டிவிடுகிறது.

அதே நாவலின் சோஃபி இன்னும் நுட்பமானவள். மூன்று பெண்களில் மூத்தவள், மூத்தவளுக்கு எதுவும் தேறாது என்று நம்புகிறவள், தொப்பிக் கடையில் தனியாக உட்கார்ந்து தொப்பிகளோடு பேசுகிறவள். ஒவ்வொரு தொப்பிக்கும் அவள் ஒரு வாழ்க்கை சொல்கிறாள். பார்க்கப் பரிதாபமான தொப்பி ஒன்றிடம், உனக்குத் தங்க மனசு, உயர்ந்த இடத்து ஆள் ஒருவர் கண்டுகொள்வார் என்கிறாள். அதை வாங்கிப் போட்டவள் ஒரு பிரபுவோடு போய்விடுகிறாள். சோஃபியின் பேச்சுக்கு மந்திர சக்தி இருப்பது அவளுக்கே தெரியாது. மற்றவர்களுக்கு அத்தனை அழகான உருவகங்களைத் தரும் வாய், தனக்கு மட்டும் சலித்த சொற்களையே தருகிறது. சாபத்தால் அவள் கிழவியாவது ஏற்கெனவே அவள் மனதில் நடந்து முடிந்த ஒன்று உடலில் தெரிவதுதான். சாபத்தை நீக்கத் தான் முயன்றதாகவும், அவளே அந்த வேடத்தை விரும்புகிறாள் என்று எண்ணி விட்டுவிட்டதாகவும் ஹௌல் பின்னால் சொல்லும்போது, நூல் முழுதும் ஓர் உருவகத்துக்குள் நடந்துகொண்டிருந்தது புரிகிறது.

ஃபிலிப் புல்மனின் 'நார்தர்ன் லைட்ஸ்' (1995) வேறு வழியில் போகிறது. அங்கே ஒவ்வொருவரின் ஆன்மாவும் விலங்கு உருவில் உடலுக்கு வெளியே கூடவே இருக்கிறது. சிறுவர்களின் விலங்கு நினைத்தபோதெல்லாம் உரு மாறும், வளரும் பருவத்தில் ஒரே உருவில் நிலைத்துவிடும். பதின்வயதின் நிலையின்மைக்கு இதைவிடக் கச்சிதமான உருவகம் எனக்குத் தெரிந்து இல்லை. திருமதி கோல்டரின் தங்கநிறக் குரங்கு வாய் திறந்து ஒரு வார்த்தையும் பேசாமல் அவளைப் பற்றி எல்லாவற்றையும் சொல்கிறது.

இந்த வசதியே பொறியாகவும் மாறும். கல்லாக்கும் சூனியக்காரி உலவும் உலகத்தில் "அவள் கல்லானாள்" என்று எழுதினால் வாசகர் திகைத்துவிடுவார். அதிர்ந்து நின்றாளா, நிசமாகவே கல்லாகிவிட்டாளா? "அவன் கண்கள் எரிந்தன", "காற்றாய்ப் பறந்தான்", "அவள் குரல் அறையைக் கட்டிப்போட்டது" எல்லாமே இந்த வகை. ஆங்கிலத்தைவிடத் தமிழில் இது கூர்மையான சிக்கல், ஏனென்றால் நம் 'ஆய்', 'ஆக', 'ஆனாள்' மூன்றும் உருவகத்துக்கும் உதவும், உருமாற்றத்துக்கும் உதவும். மந்திரத்தின் விதிகள் வாசகருக்குப் பிடிபடும்வரை, சுமாராக முதல் மூன்று அத்தியாயங்களுக்கு, ஒப்புமை வரும் இடத்தில் 'போல', 'மாதிரி' என்று உருபைத் தெரியும்படி வைத்துவிட வேண்டும். பிறகு உருபை உதறலாம். அதுவரை சேமித்துவைத்த 'ஆனாள்' நிசமான உருமாற்றத்தில் முதன்முதலாக வரும்போது அடி பலமாக விழும்.

உருபைத் தேர்வதும் பாத்திரத்தின் வேலைதான். தொல்காப்பியம் முப்பத்தாறு உருபுகளை வரிசையாகச் சொல்கிறது. இன்று பேச்சில் நான்கைந்து மிஞ்சியிருக்கின்றன. 'மாதிரி' எல்லோருக்கும் பொது. 'கணக்கா' தெற்கத்திப் பேச்சில் வரும். 'பைத்தியமாட்டம்' என்னும்போது கொங்கு வாடை அடிக்கும். 'போன்று' என்று சொல்கிற பையன் புத்தகத்தில் வளர்ந்தவன், அல்லது அப்படித் தெரிய ஆசைப்படுகிறவன். கற்பனை உலகத்துக்கு நம் மாவட்டப் பேச்சை அப்படியே கொண்டுபோக முடியாதுதான். ஆனால் மூன்று பாத்திரங்களுக்கு மூன்று உருபுகளைப் பிரித்துக் கொடுத்து நூல் முழுதும் காப்பாற்றினாலே போதும், "என்றான்", "என்றாள்" பாதி குறைந்துவிடும்.

அடுத்தது, கைப்பிரதிகளில் மிக அதிகமாகத் தென்படும் பிழை. வேற்றுலகக் கதை எழுதும்போது ரயில், துப்பாக்கி, மின்சாரம் ஆகியவற்றை எல்லோரும் கவனமாகத் தவிர்த்துவிடுகிறார்கள். "ராக்கெட் வேகம்" என்று யாரும் எழுதுவதில்லை. ஆனால் "கும்பகர்ணன் மாதிரித் தூங்கினான்" என்று எழுதிவிடுகிறார்கள். அந்த உலகத்தில் இராமாயணம் ஏது? "பகீரதப் பிரயத்தனம்", "திரிசங்கு நிலை", "சகுனி வேலை" எதுவுமே அங்கே பிறந்திருக்க முடியாது. இவற்றைவிட மறைவானவை சில உண்டு. "தலையெழுத்து" என்றால் தலையில் எழுதும் ஒரு தெய்வம் அங்கே இருக்க வேண்டும். "சனி பிடித்தது" என்றால் அந்த வானத்தில் சனி வேண்டும். "போன ஜென்மத்துப் புண்ணியம்" என்றால் மறுபிறப்பு நம்பிக்கை வேண்டும். உருவகம் என்ற நினைப்பே இல்லாமல் நாள் முழுதும் பேசும் சொற்கள் இவை, அதனால்தான் கண்ணில் தப்புகின்றன.

இவற்றைக் களைவதோடு நிறுத்தினால் பேச்சு வெளிறிப்போகும். எடுத்த இடத்தில் அந்த உலகத்தின் நம்பிக்கையை நட வேண்டும். விதி என்பது ஆற்றில் மிதந்து வரும் விளக்கு என்று நம்பும் ஊரில், கைவிட்டுப்போன வாய்ப்பைப் பற்றி ஒரு கிழவி, "என் துறையில ஒதுங்கல, வுடு" என்று சொல்லட்டும். சமய விளக்கம் ஒரு பத்திகூட வேண்டாம்.

இனி ஒரு பத்தியைக் கிட்டே வைத்துப் பார்ப்போம். உப்பளத்துப் பெண்ணுக்கு நெய்தா என்று பெயர் வைத்துக்கொள்வோம். முதல் எழுத்து இப்படி வருகிறது:

"நெய்தா அரண்மனைக்குள் நுழைந்தாள். விளக்குகள் நட்சத்திரங்களைப் போல மின்னின. இளவரசியின் முகம் நிலவைப் போல ஒளிர்ந்தது. பட்டுப் போன்ற மென்மையான குரலில் அவள் பேசினாள். நெய்தாவின் நெஞ்சு பறை போல அடித்துக்கொண்டது."

ஐந்து வரியில் நான்கு உவமைகள், ஒன்றுகூட நெய்தாவுடையது இல்லை. பட்டை அவள் தொட்டிருக்கவே மாட்டாள். எல்லாமே ஒரே அழுத்தத்தில் வருவதால் ஒன்றும் மனதில் நிற்கவில்லை. திருத்தியது:

"உள்ளே அடியெடுத்து வைத்ததும் கண் கூசியது. உச்சி வெயிலில் பாத்தி நடுவே நிற்கும்போது கூசுமே, அந்தக் கூச்சம். பழக்கத்தில் கை நெற்றிக்கு மேல் போய்விட்டது. சுற்றி நின்றவர்கள் அதை வணக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். இளவரசி என்னவோ கேட்டாள். குரலில் உப்பே இல்லை."

உவமை ஒன்றாகக் குறைந்தது. அது அலங்காரமாக நிற்காமல் ஒரு செயலைக் கிளப்பியது, அந்தச் செயல் ஒரு தவறான புரிதலைக் கிளப்பியது, கதை நகர்ந்தது. கடைசி வரி பழகிய வழக்குத்தான். உப்பு வாருகிறவள் வாயில் வரும்போது அது தீர்ப்பாகிறது.

எல்லாவற்றையும் உப்பாக்கிவிடும் ஆபத்தும் உண்டு. கண்ணீர் உப்பு, நிலவு உப்பு, எலும்பு உப்பு என்று போனால் இருபதாம் பக்கத்தில் வாசகர் களைத்துவிடுவார். தொழில் ஒரு மனிதரின் உலகத்தில் மூன்றில் ஒரு பங்குதான். எழுதத் தொடங்கும் முன் ஒவ்வொரு முக்கியப் பாத்திரத்துக்கும் ஐந்து சிறு பட்டியல்கள் போடுவது நல்லது: கை செய்த வேலை, சாப்பிட்டு வளர்ந்தது, சின்ன வயதில் பயந்தது, வீட்டுப் பெரியவர்கள் வாயில் கேட்டது, கண்ணால் பார்த்தே இராதது. ஒவ்வொன்றிலும் ஏழெட்டுப் பொருள் போதும். முதல் நான்கிலிருந்து உவமைகள் வரும். ஐந்தாவது பட்டியல் வேலி. நெய்தா பனி பார்த்ததில்லை, மலை பார்த்ததில்லை, முழு உருவம் தெரியும் கண்ணாடி பார்த்ததில்லை என்று எழுதிவைத்துவிட்டால், "பனி போல உறைந்தாள்" என்று கை தானாக எழுதும்போது பட்டியல் தடுக்கும்.

ஐந்து பட்டியல்களில் மூன்றாவதை, பயந்ததை, மிகச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும். நெய்தா சின்ன வயதில் கண்டு நடுங்கியது பருவம் தவறி வந்த மழையை. ஒரே இரவில் ஒரு மாத உழைப்பு கரைந்து போகும். அந்த மழையை நூலில் மூன்று இடத்துக்கு மேல் கூப்பிடக்கூடாது. மூன்றாவது முறை அவள் யாரைப் பார்த்து அதை நினைக்கிறாளோ, அவர்தான் கதையின் உண்மையான எதிரி.

அளவு பற்றியும் சொல்ல வேண்டும். 250 சொல் கொண்ட ஒரு பக்கத்தில் புதிய உவமை இரண்டைத் தாண்டினால் ஒன்றையொன்று தின்றுவிடும் என்பது என் கணிப்பு. உச்சக் கட்டங்களில் இன்னும் குறைய வேண்டும். உயிருக்கு ஓடுகிறவள் நிதானமாக ஒப்பிட்டுக்கொண்டு இருக்க மாட்டாள். அங்கே ஒரு வினைச்சொல்லுக்குள் உருவகம் ஒடுங்கட்டும்: கூட்டம் அவளை வாரியது, சந்து அவளை விழுங்கியது. நெடிய உவமைக்கு இடம் ஆபத்து கடந்த பிறகு, மூச்சு வாங்கும்போது.

காதலைக் காட்ட இந்த வகைக் கதைகள் முகச் சிவப்பையும் படபடப்பையும் கட்டிக்கொண்டு அழுகின்றன. அதைவிடச் சுலபமான, ஆழமான வழி ஒன்று இருக்கிறது. கொல்லர் பட்டறைப் பையன் ஓரி, பொறுக்காமல் கேள்வி கேட்பவர்களிடம், "இரும்பு இன்னும் சிவக்கல" என்று சொல்வான். ஆறாம் அத்தியாயத்தில் நெய்தாவுக்கு அந்த வார்த்தை எரிச்சலாக இருக்கிறது. பத்தாம் அத்தியாயத்தில் அவன் இல்லாத ஓர் இடத்தில், வேறு யாரிடமோ, அவளே அதைச் சொல்லிவிடுகிறாள். சொன்ன பிறகு ஒரு கணம் நிற்கிறாள். அவ்வளவே போதும். பதின்வயதில் பிடித்தவர்களின் பேச்சு நம் நாக்கில் ஏறிக்கொள்ளும், மனம் அதற்குப் பிறகுதான் கவனிக்கும். இதே கருவி தலைகீழாகவும் வேலை செய்யும். அரண்மனையில் ஒட்டிக்கொள்வதற்காக நெய்தா பட்டையும் முத்தையும் வைத்துப் பேசத் தொடங்கினால், ஊர்க்காரர் ஒருவர் வந்து நிற்கும்போது அந்த வார்த்தைகள் அவள் வாயிலேயே கசக்கும்.

அதிகாரத்தில் இருப்பவரின் உருவகங்களை அவசரப்பட்டு விளக்கிவிடக் கூடாது. ஆளுநர் எதிர்ப்பாளர்களைக் 'களை' என்கிறார், கைதுகளைக் 'களையெடுப்பு' என்கிறார். நெய்தாவுக்குப் பயிர்த்தொழில் தெரியாது. முதலில் அவள் காதில் அது வேளாண்மைப் பேச்சாகவே விழட்டும், ஓரியின் தம்பி காணாமல் போகும்வரை. வாசகர் அவளுக்கு இரண்டு அத்தியாயம் முன்னால் புரிந்துகொண்டு பதறுவார்.

முதல் வரைவு முடிந்ததும் செய்ய வேண்டிய வேலை சலிப்பானதுதான், தவிர்க்க முடியாது. 'போல', 'போன்ற', 'மாதிரி', 'என', 'ஆக' ஆகியவற்றைக் கணினியில் தேடி, ஒவ்வோர் ஒப்புமையையும் தனித் தாளில், அது யாருடைய பார்வையில் வருகிறதோ அவர் பெயருக்குக் கீழே எழுத வேண்டும். கணினி உருபைத்தான் பிடிக்கும், வினைச்சொல்லுக்குள் ஒளிந்த உருவகங்களுக்குக் கண்ணால் ஒரு முறை வாசித்தே ஆக வேண்டும். பிறகு பெயர்களை மறைத்துவிட்டு இன்னொருவரிடம் பட்டியலை மட்டும் கொடுங்கள். எந்தப் பட்டியல் யாருடையது என்று அவர் சொல்லிவிட்டால் நல்லது. இரண்டு பட்டியல்களை அவரால் பிரிக்க முடியவில்லை என்றால் அந்த இரு பாத்திரங்களும் இன்னும் ஒரே ஆள்தான். கதைசொல்லியின் குரலுக்கும் தனியாக ஒரு தாள் வேண்டும். நெய்தாவின் தோளோடு ஒட்டி நடக்கும் படர்க்கைக் கதையில், கதைசொல்லி மட்டும் "முல்லைப் பற்கள்" என்று எழுதினால் அது எழுத்தாளரின் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. அதை அடித்துவிடலாம்.

பட்டியலை அத்தியாய வரிசைப்படி, கதை போகும் போக்கில் வாசித்தால் இன்னொன்று தெரியும். முதல் உவமைக்கும் கடைசி உவமைக்கும் இடையே எதுவும் மாறவில்லை என்றால் பாத்திரம் வளரவில்லை. பழைய உவமை பொருந்தாமல் போகும் ஒரு காட்சியாவது வேண்டும், அதுவும் நூலின் பிற்பாதியில். நெய்தா மலைக்கணவாயில் முதன்முதலாகப் பனியைப் பார்க்கிறாள். அவளுக்கு அது உப்பாகத்தான் தெரியும், வேறெப்படித் தெரியும்? வெள்ளைப் பரப்பு, காலடியில் நொறுநொறுப்பு, கண் கூச்சம் எல்லாம் அப்படியே. குனிந்து ஒரு பிடி அள்ளுகிறாள். மணி மணியாகத் திரளாமல் உள்ளங்கையில் நீராகிறது. நாக்கில் வைத்துப் பார்க்கிறாள். கரிக்கவில்லை. கையை உதறிவிட்டு, அரண்மனைக்கு வந்ததிலிருந்து ஒருமுறைகூடச் செய்யாத ஒன்றைச் செய்கிறாள். பக்கத்தில் நின்ற ஓரியிடம் திரும்பி, "இதுக்கு என்ன பேரு?" என்று கேட்கிறாள்.